'வில்' போட்டா ஃபியூச்சர் ஆயிடுமா?

கேள்விய முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன். ஒரு தம்பி இன்டர்வியூக்குப் போயிருக்காரு, டெய்லி ரொட்டீன் என்னன்னு கேட்டிருக்காங்க, இவரு 'டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ், ஐ வில் கோ ஃபார் வாக்கிங்'னு ஆரம்பிச்சிருக்காரு, எதிர்ல இருந்தவரு சிரிச்சுக்கிட்டே 'ஸ்டார்ட்டிங் வென்?'னு கேட்டிருக்காரு. எதுக்குச் சிரிச்சாருன்னே புரியாம வீட்டுக்கு வந்து யோசிச்சிருக்காரு. வில் போட்டா ஃபியூச்சர்னு தானே ஸ்கூல்ல சொன்னாங்க, அப்ப கோயிங் டு எதுக்கு, ஐ ஆம் கம்மிங் டுமாரோன்னு ஏன் சொல்றாங்க, ஷல் எங்க போச்சு, எதை எங்க போடறதுன்னு கேக்கறாரு.

தம்பி, நீங்க தப்பு பண்ணல, தமிழ் பண்ண வச்ச தப்பு அது. நான் இருபது வருஷமா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கறேன், முதல் வாரத்துல வர்ற எல்லாரும் இதே வாக்கியத்தத் தான் சொல்லுவாங்க. (பாருங்க, 'சொல்லுவாங்க'ன்னு நானே எழுதிட்டேன். இது எதிர்காலமா? இல்லையே, வழக்கமா நடக்கறது. விஷயமே இதுல தான் இருக்கு.)

தமிழ்ல 'எங்கப்பா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பாரு, டீ குடிப்பாரு, பேப்பர் படிப்பாரு'ன்னு சொல்றோம். இலக்கணத்துல பாத்தா எந்திரிப்பாரு, குடிப்பாரு எல்லாம் எதிர்காலம், 'ப்' 'வ்' இடைநிலைன்னு தமிழ் ஐயா போர்டுல எழுதிப் போட்டாரே அதே தான். ஆனா அர்த்தம் எதிர்காலம் இல்ல, பழக்கம். இன்னும் வேடிக்கை, 'சின்ன வயசுல நாங்க ஆத்துல தான் குளிப்போம்'னு சொல்றோம், அது முடிஞ்சு முப்பது வருஷம் ஆன கதை, அதுக்கும் அதே 'குளிப்போம்'. ஆக நம்ம எதிர்கால உருவம் ரெண்டு வேலை பாக்குது, ஒண்ணு இனிமே நடக்கறது, இன்னொண்ணு வழக்கமா நடக்கறது. ஸ்கூல்ல '-வேன், -பேன் வந்தா வில்'னு ஒரே வரியில சொல்லிக் குடுத்துட்டாங்க, நாம அந்த ரெண்டு வேலையையும் தூக்கி வில் தலையில வச்சிட்டோம். இங்கிலீஷ்ல பழக்கத்துக்கு சிம்பிள் பிரசன்ட் தான், 'ஐ கெட் அப் அட் ஃபைவ்', அவ்வளவு தான். 'ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்'னு சொன்னா கேக்கறவங்க காதுல 'இனிமே அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன் சார், சத்தியமா'ன்னு ஜனவரி ஒண்ணாம் தேதி சபதம் மாதிரி விழும். அதான் எப்பலேருந்துன்னு கேட்டு சிரிச்சிருக்காரு.

பழக்கத்துக்கு வில் போடவே மாட்டாங்களான்னு கேட்டா, போடுவாங்க, 'ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்'னு ஒருத்தரோட குணத்தச் சொல்லும்போது வரும், பழைய நாள் பழக்கத்துக்கு வில்லோட பாஸ்ட்டான வுட் வரும், 'வி வுட் பேத் இன் த ரிவர்', நம்ம 'குளிப்போம்' அப்படியே. ஆனா உங்க ரொட்டீனச் சொல்ற இடத்துல அது வேண்டாம்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன். கேட்டா கோவம் வரும், இங்கிலீஷ்ல ஃபியூச்சர் டென்ஸ்னு ஒண்ணு கிடையாது. எதிர்காலத்தப் பத்திப் பேச முடியாதுன்னு சொல்லல, வெர்ப்புக்குள்ள அதுக்குன்னு ஒரு உருவம் இல்லங்கறேன். வந்தான், வருகிறான், வருவான்னு நமக்கு ஒரே சொல்லுக்குள்ள மூணும் இருக்கு. இங்கிலீஷ்ல வாக், வாக்ட்னு ரெண்டு தான், மூணாவதுக்கு வெர்ப்புல இடமே இல்ல. ராட்னி ஹட்டில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் மாதிரி இன்னைக்கு பேர் பெற்ற இலக்கணக்காரங்க இத வெளிப்படையாவே சொல்றாங்க, இங்கிலீஷ்ல ரெண்டு டென்ஸ் தான், வில்ங்கறது கேன், மே, மஸ்ட் மாதிரி ஒரு மோடல், அதாவது மெயின் வெர்ப்புக்குத் துணையா வர்ற சொல், டென்ஸ் கிடையாதுன்னு. நம்ம கைடு புக்ல பன்னெண்டு டென்ஸ் டேபிள் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கறாங்க பாருங்க, அது பரீட்சைக்கு உதவும், பேசறதுக்கு அவ்வளவா உதவாது.

அப்ப அவங்க எதிர்காலத்த எப்படிச் சொல்றாங்க? கடன் வாங்கித் தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்ல பிரசன்ட்டையே எதிர்காலத்துக்கும் போட்டுக்கிட்டாங்க. அப்ப வில்லுக்கு அர்த்தம் 'விரும்பறேன்', ஷல்லுக்கு அர்த்தம் 'கடன்பட்டிருக்கேன், செஞ்சாகணும்'. ஜெர்மன்ல இன்னைக்கும் 'இஷ் வில்'னா 'எனக்கு வேணும்'னு தான் அர்த்தம். நம்ம ஊர்ல பத்திர ஆபீஸ்ல உயில்னு சொல்றோமே, அது இங்கிலீஷ் 'வில்' தான் தமிழ் வேஷம் போட்டு வந்தது, எனக்கப்புறம் சொத்து யாருக்குப் போகணும்ங்கற விருப்பம். நீங்க 'ஐ வில்'னு சொல்றப்ப வர்றதும் அந்த உயிலும் ஒரே வேர். விருப்பமா இருந்தது மெதுவா 'செய்யப் போறேன்'னு மாறிடுச்சு, ஆனா பழைய வாசனை முழுசாப் போகல. அதனால தான் வில்லுல இன்னும் கொஞ்சம் மன உறுதி, வாக்குக் குடுக்கறது, ஒத்துக்கறது எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு.

கோயிங் டு கதை நமக்கு இன்னும் கிட்ட. 'ஐ ஆம் கோயிங் டு பை எ பைக்', 'நான் பைக் வாங்கப் போறேன்'. ரெண்டுலயும் 'போ' தான், ரெண்டுலயும் யாரும் எங்கயும் நடந்து போகல. இங்கிலீஷ்ல இந்தப் பழக்கம் 15ஆம் நூற்றாண்டு வாக்குல முளைச்சு அப்புறம் மெதுவா பரவுச்சு, ஃப்ரெஞ்ச்காரங்களும் இதே மாதிரி 'போ'வ வச்சு தான் பேசறாங்க. தமிழுக்கு சம்பந்தமே இல்லாத மொழிங்களும் தமிழ் மாதிரியே யோசிச்சிருக்கு. அதனால கோயிங் டுவுக்கு நீங்க ரூல் எதுவும் படிக்க வேண்டாம். தமிழ்ல வாயில 'போறேன், போகுது' வருதா, அங்க கோயிங் டு. வானம் கருத்துக் கெடக்கு, 'மழை வரப் போகுது', 'இட்ஸ் கோயிங் டு ரெய்ன்'. குழந்த ஸ்டூல் மேல ஏறி ஆடுது, 'விழப் போறான் பாரு', 'ஹிஸ் கோயிங் டு ஃபால்'. கண்ணு முன்னாடி அறிகுறி இருக்கு, இல்ல முன்னாடியே முடிவு பண்ணியாச்சு, அந்த ரெண்டுக்கும் இது. இந்த 'விழப் போறான்' இடத்துல 'ஹி வில் ஃபால்'னு சொன்னா ஜோசியம் சொல்ற மாதிரி இருக்கும், பக்கத்துல இருக்கறவங்க பிடிக்க ஓட மாட்டாங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை, படத்துல பாத்துட்டு கோயிங் டுவ எல்லாரும் 'கானா'ன்னு சொல்றாங்க, பேச்சுல தப்பே இல்ல, ஆனா ஊருக்குப் போறதுக்கு அது ஆகாது. 'ஐ ஆம் கோயிங் டு மதுரை'ய 'ஐ ஆம் கானா மதுரை'ன்னு சுருக்க முடியாது. கானாவுக்குப் பின்னாடி வெர்ப் தான் வரணும், நிஜமாவே நடந்து போற 'போ'வுக்கு சுருக்கம் கிடையாது. ஆபீஸ் மெயில்ல கானா எழுதவும் வேண்டாம்.

அடுத்தது 'ஐ ஆம் கம்மிங் டுமாரோ'. இதப் பாத்து தான் நிறைய பேர் குழம்பறாங்க, கன்டினியூவஸ்னா இப்ப நடந்துக்கிட்டு இருக்கறது தானே, நாளைக்கு எப்படின்னு. நீங்க ஃபோன்ல என்ன சொல்றீங்க? 'நாளைக்கு வரேன்'. 'வருவேன்'னா சொல்றீங்க? 'வரேன்'. நிகழ்காலம் தானே அது. 'சனிக்கிழமை டாக்டரப் பாக்கறேன்', 'அடுத்த மாசம் வீடு மாத்தறோம்', இதெல்லாம் ஏற்பாடு பண்ணி முடிச்ச விஷயங்க, டோக்கன் வாங்கியாச்சு, அட்வான்ஸ் குடுத்தாச்சு. அங்க இங்கிலீஷ்ல பிரசன்ட் கன்டினியூவஸ், 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் ஆன் சாட்டர்டே', 'வி ஆர் மூவிங் ஹவுஸ் நெக்ஸ்ட் மன்த்'. ஆனா 'நாளைக்கு மழை பெய்யுது'ன்னு எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான், ஏன்னா மழைகிட்ட யாரும் அப்பாயின்ட்மென்ட் வாங்கல. இங்கிலீஷ்லயும் அதே, 'இட் இஸ் ரெய்னிங் டுமாரோ' வராது. மனுஷன் ஏற்பாடு பண்ண முடிஞ்ச விஷயமான்னு மட்டும் பாருங்க.

இதுக்கு மேல ஒரு படி, சிம்பிள் பிரசன்ட்டே எதிர்காலத்துக்கு வரும், ரயில், பஸ், பரீட்சை, சினிமா ஷோ மாதிரி அட்டவணை போட்டு வச்ச சமாச்சாரங்களுக்கு. 'த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் நைன் ஃபார்ட்டி', 'த எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் ஆன் மண்டே'. நீங்க ஏறினாலும் ஏறாட்டியும் ரயில் கிளம்பும்ல, அதான்.

அப்ப வில் எப்ப? அந்த நொடியில முடிவு பண்றதுக்கு, வாக்குக் குடுக்கறதுக்கு, உதவி பண்றேன்னு சொல்றதுக்கு, கைவசம் அறிகுறி இல்லாம சும்மா அபிப்பிராயமா சொல்றதுக்கு. காலிங் பெல் அடிக்குது, 'நான் பாக்கறேன்'னு எந்திரிக்கறீங்க, 'ஐல் கெட் இட்'. இதுல தான் நம்ம ஆளுங்க வழுக்கி விழறாங்க. தமிழ்ல 'பாக்கறேன்'னு நிகழ்காலம் வருதேன்னு 'ஐ ஆம் கெட்டிங் இட்'னு சொல்லிடறாங்க, 'ஐ ஆம் கோயிங் டு கெட் இட்'னும் சொல்றாங்க, அதக் கேட்டா பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே பிளான் பண்ணி வச்சிருந்த மாதிரி இருக்கும். ஹோட்டல்ல சர்வர் வந்து நிக்கறாரு, மெனு பாத்துட்டு 'ஐல் ஹேவ் எ மசாலா தோசா', இப்ப தான் முடிவு பண்ணீங்க, வில். வர்ற வழியிலயே நண்பர்கிட்ட 'இன்னைக்கு மசாலா தோசை தான் சாப்பிடப் போறேன்'னு சொன்னா, 'ஐ ஆம் கோயிங் டு ஹேவ் எ மசாலா தோசா'. ஒரே தோசை தான், எப்ப முடிவு பண்ணீங்கங்கறது தான் வித்தியாசம்.

என்கிட்ட ஃபார்முலா கேட்டா இது ஒண்ணு தான் சொல்லுவேன், எதிர்காலத்துல என்ன நடக்கும்னு பாக்காதீங்க, அது நடக்கும்னு இப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்னு பாருங்க. டைம் டேபிள்ல இருக்கா, பேசி வச்சாச்சா, மனசுல முடிவு பண்ணியாச்சா, கண்ணுல தெரியுதா, இல்ல இப்ப தான் தோணுதா. பதில் மாறினா வெர்ப் மாறும். ஒரு சில இடத்துல ரெண்டு மூணும் ஒத்து வரும், 'ஐ ஆம் மீட்டிங் ஹிம்', 'ஐ ஆம் கோயிங் டு மீட் ஹிம்' ரெண்டுல எதைச் சொன்னாலும் யாரும் உங்கள ஜெயில்ல போட மாட்டாங்க, இதுக்காக ராத்திரி தூக்கத்தக் கெடுத்துக்காதீங்க.

வில்லுக்கு எதிர்காலமே இல்லாத ஒரு வேலையும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபோன் அடிக்குது, 'அம்மாவா தான் இருக்கும்', 'தட் வில் பி அம்மா'. 'அவரு இந்நேரம் வீட்டுல இருப்பாரு', 'ஹி வில் பி அட் ஹோம் நவ்'. இப்ப நடக்கறத ஊகிச்சுச் சொல்றோம், தமிழ்ல எதிர்காலம், இங்கிலீஷ்ல வில். இங்க மட்டும் உங்க ஸ்கூல் ரூல் அச்சு அசலா வேலை செய்யும், யாரும் சிரிக்க மாட்டாங்க.

நெகட்டிவ் பத்தியும் சொல்லணும். வில் நாட், பேச்சுல வோன்ட். வில்லு ஏன் வோன்ட் ஆச்சு, வில்ன்ட்னு தானே வரணும்னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி. பழைய காலத்துல வில்லுக்கு 'வோல்'னும் ஒரு உருவம் இருந்துச்சு, அது நாட்டோட சேந்து தேஞ்சு வோன்ட் ஆயிடுச்சு, வோல் செத்துப் போச்சு, வோன்ட் மட்டும் தங்கிடுச்சு. இதுக்கு தமிழ்ல சரியான ஜோடி 'மாட்டேன்'. 'வர மாட்டேன்' எதிர்காலமும் ஆச்சு, மறுக்கறதும் ஆச்சு, வோன்ட்டும் அப்படித் தான். காலைல பைக்க உதைக்கறோம், 'ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது', 'இட் வோன்ட் ஸ்டார்ட்'. பைக்குக்கு மனசு இருக்கற மாதிரி ரெண்டு மொழியும் பேசுது பாருங்க. உச்சரிப்புல மட்டும் கவனம், வோ-ன்னு வாயக் குவிச்சு இழுக்கணும், இல்லன்னா வான்ட் ஆயிடும். தலைகீழா, 'ஐ வான்ட் த ஜாப்'னு சொல்ல வந்தது 'ஐ வோன்ட் த ஜாப்'னு காதுல விழுந்தா வேல போச்சு.

ஷல் பத்திக் கேட்டிருந்தீங்க. ஐ, வி வந்தா ஷல், மத்ததுக்கு வில், உறுதியாச் சொல்லணும்னா தலைகீழா மாத்திப் போடணும்னு ஒரு ரூல் படிச்சிருப்பீங்க. அது ஜான் வாலிஸ்னு ஒரு கணக்குப் பேராசிரியர் 1653ல லத்தீன்ல எழுதின இங்கிலீஷ் இலக்கணத்துலேருந்து வந்தது. அத வச்சு ஒரு பழைய ஜோக்கே உண்டு, வெளியூர்க்காரன் ஒருத்தன் தண்ணியில விழுந்து 'ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மி'னு கத்தினானாம், கரையில இருந்த இங்கிலீஷ்காரங்க 'சாகறதுல இவ்வளவு உறுதியா இருக்கான், காப்பாத்தவும் கூடாதுங்கறான்'னு விட்டுட்டாங்களாம். இன்னைக்கு பேச்சுல அந்த ரூல யாரும் பாக்கறதில்ல, 'ஐ வில், வி வில்'னு தாராளமா சொல்லலாம்.

ஷல் மிச்சம் இருக்கறது ரெண்டு இடம். ஒண்ணு கேள்வி, 'ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?' 'திறக்கட்டுமா?', 'ஷல் வி கோ?' 'போலாமா?'. இந்த '-ட்டுமா, -லாமா' வர்ற இடத்துல வில் போடாதீங்க, 'வில் ஐ ஓப்பன்?'னா 'நான் திறப்பேனா?'ன்னு ஜோசியர்கிட்ட கேக்கற மாதிரி ஆயிடும். இன்னொண்ணு சட்டம். நம்ம அரசியலமைப்புச் சட்டத்தோட முதல் பிரிவே 'இண்டியா, தட் இஸ் பாரத், ஷல் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்' தான். அது 'இனிமே ஒரு நாள் ஆகும்'னு ஜோசியம் இல்ல, 'இப்படித் தான் இருக்கணும்'ங்கற கட்டளை. ஷல்லோட அந்தப் பழைய 'செஞ்சாகணும்' அர்த்தம் சட்டப் புத்தகத்துல இன்னும் உசுரோட இருக்கு. வாடகை ஒப்பந்தம் எடுத்துப் பாருங்க, 'த டெனன்ட் ஷல் பே' இருக்கும்.

அடுத்து நான் தினம் திருத்தற தப்பு, இஃப், வென் பின்னாடி வில் போடறது. 'இஃப் இட் வில் ரெய்ன்', 'வென் ஐ வில் ரீச் சென்னை', 'ஆஃப்டர் ஹி வில் கம்', எல்லாம் தப்பு. 'இஃப் இட் ரெய்ன்ஸ்', 'வென் ஐ ரீச் சென்னை', 'ஆஃப்டர் ஹி கம்ஸ்' தான் சரி, அடுத்த பாதியில மட்டும் வில், 'வென் ஐ ரீச் சென்னை, ஐல் கால் யூ'. இந்தத் தப்ப தமிழ் மேல போட முடியாது. தமிழ்ல 'மழை பெஞ்சா', 'போய்ச் சேர்ந்ததும்', 'அவன் வந்தப்புறம்'னு தானே சொல்றோம், அங்க எதிர்காலமே இல்ல, இறந்தகால மாதிரி தான் இருக்கு. நாளைக்குப் பெய்யற மழைக்கு 'பெஞ்சா'! நம்ம மொழியே வழி காட்டுது, ஆனா ஸ்கூல் ரூல் நடுவுல வந்து 'நாளைக்கு தானே, வில் போடு'ன்னு தூண்டி விடுது.

ஆனா வென் வந்தாலே வில் கூடாதுன்னும் நெனச்சிடாதீங்க, 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' சரி தான். கண்டுபிடிக்கறது சுலபம், தமிழ்ல சொல்லிப் பாருங்க. 'வந்ததும், வரும்போது'ன்னா வில் வேண்டாம். 'எப்போ வருவான்னு தெரியல'ன்னு 'எப்போ' வந்தா வில் வேணும், ஏன்னா அது உள்ள ஒளிஞ்சிருக்கற கேள்வி. இஃப்லயும் ஒரு விதிவிலக்கு உண்டு, 'இஃப் யூ வில் வெய்ட் எ மினிட்'னு மரியாதையா கேக்கும்போது வில் வரும், அது எதிர்காலம் இல்ல, 'மனசு வச்சு கொஞ்சம் இருந்தீங்கன்னா'ங்கற பழைய விருப்ப அர்த்தம்.

வில்லுக்குப் பின்னாடி வெர்ப் மொட்டையா தான் வரணும், ஸ்கூல்ல வெர்ப்போட முதல் உருவத்த 'வி ஒன்'னு சொல்லுவாங்களே அது. 'வில் கோஸ்', 'வில் வென்ட்', 'வில் டு கோ' எதுவும் கிடையாது. வில் கூட இன்னொரு மோடல் ஒரே வீட்டுல இருக்காது, அதனால 'வில் கேன்' இல்ல, 'வில் பி ஏபிள் டு', 'வில் மஸ்ட்' இல்ல, 'வில் ஹேவ் டு'. கேள்வின்னா வில் முன்னாடி வரணும், 'வேர் யூ வில் கோ?' இல்ல, 'வேர் வில் யூ கோ?'.

இப்ப அந்த பன்னெண்டு டென்ஸ் டேபிள்ல கடைசியில பயமுறுத்தற ரெண்டு. வில் பி பிளஸ் ஐஎன்ஜி, 'நாளைக்கு இந்நேரம் ரயில்ல தூங்கிக்கிட்டு இருப்பேன்', 'திஸ் டைம் டுமாரோ ஐல் பி ஸ்லீப்பிங் ஆன் த ட்ரெய்ன்'. '-க்கிட்டு இருப்பேன்' வந்தா இது. இதுக்கு ஒரு நாசூக்கான உபயோகம் இருக்கு, 'வில் யூ யூஸ் த கார் டுநைட்?'னு கேட்டா கார எடுங்கன்னு சொல்ற மாதிரியோ உங்க முடிவ இப்பவே சொல்லுங்கன்னு நெருக்கற மாதிரியோ இருக்கும், 'வில் யூ பி யூசிங் த கார் டுநைட்?'னா சும்மா உங்க திட்டத்த விசாரிக்கற மாதிரி, கேக்கறவருக்கு கார் வேணும்ங்கறது மரியாதையா மறைஞ்சிருக்கும். மாமனார் கார் கேக்கறவங்களுக்கு இது முக்கியம்.

இன்னொண்ணு வில் ஹேவ் பிளஸ் வி த்ரீ, 'வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருப்பேன்', 'ஐல் ஹேவ் ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே'. 'க்குள்ள'வுக்கு பை, 'வரைக்கும்'க்கு டில், இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா கிளையன்ட் தலையில கை வச்சிடுவாரு. ஆனா 'முடிச்சிருப்பேன்'ல ஒரு கண்ணி இருக்கு, 'நீ சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்'லயும் அதே சொல் தான், அங்க நடக்காமப் போன விஷயம், அதுக்கு 'வுட் ஹேவ் ஃபினிஷ்ட்'. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ரெண்டு, நடந்து முடிஞ்சு போன வாய்ப்பான்னு பாத்து போடணும்.

வுட் பேச்சு வந்ததால ஆபீஸ் மெயில் பத்தி ஒரு பொலம்பல். 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ', 'த மீட்டிங் வுட் பி ஹெல்ட் அட் த்ரீ'. வில் போட்டா முரட்டுத்தனமா இருக்கும், வுட் போட்டா மரியாதைன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. 'வுட் யூ ப்ளீஸ்'னு கேக்கும்போது அது மரியாதை தான், ஆனா லீவு போட்டது நிச்சயம்னா வில் தான், வுட் போட்டா 'லீவுல இருப்பேன்... ஆனா'ன்னு ஒரு 'ஆனா' தொங்கும், வெளிநாட்டு கிளையன்ட் அந்த 'ஆனா' எங்கன்னு தேடுவாரு. வுட்டுக்கு நியாயமான இடம் அடுத்தவர் சொன்னத சொல்றது, 'வரேன்னு சொன்னான்', 'ஹி செட் ஹி வுட் கம்'. அதே மாதிரி 'நானே கூப்பிடலாம்னு இருந்தேன், நீங்களே பண்ணிட்டீங்க'ன்னு சொல்றோமே அதுக்கு வாஸ் கோயிங் டு, 'ஐ வாஸ் கோயிங் டு கால் யூ'. உண்மையா பொய்யான்னு ரெண்டு மொழியிலயும் கண்டுபிடிக்க முடியாது.

பேப்பர் தலைப்புல வர்றத மட்டும் பாத்து மெரண்டுடாதீங்க, 'பிஎம் டு விசிட் சென்னை டுமாரோ', வில்லும் இல்ல கோயிங்கும் இல்ல, மொட்டையா டு. அது தலைப்புக்கு மட்டும் ஆன சுருக்கம், முழு வாக்கியத்துல 'இஸ் டு விசிட்'னு வரும், ஏற்கெனவே முடிவாகி அறிவிச்ச நிகழ்ச்சிக்கு. நீங்க நண்பர்கிட்ட 'ஐ ஆம் டு விசிட் யூ'ன்னு சொன்னா அரசாங்கப் பயணம் மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, வாயால பேசும்போது 'ஐ வில்'னு முழுசா அழுத்தி அழுத்திச் சொல்லாதீங்க. 'ஐல், யூல், ஷீல், தேல்'னு ஒட்டிச் சொல்றது தான் இயல்பு, முழு வில்ல அழுத்தினா அடம் பிடிக்கற மாதிரி கேக்கும், யாராவது 'நீ பண்ண மாட்ட'ன்னு சொல்லும்போது 'ஐ வில்!'னு சொல்றதுக்கு அத எடுத்து வச்சுக்கோங்க.

உங்க இன்டர்வியூக்குத் திரும்ப வரேன். அடுத்த தடவ ரொட்டீன் கேட்டா 'ஐ கெட் அப் அட் ஃபைவ், ஐ கோ ஃபார் எ வாக்', ஒரே மூச்சுல, வில் இல்லாம. அப்புறம் கண்டிப்பா அந்த அஞ்சு வருஷக் கேள்வி வரும், 'வேர் டு யூ சீ யுவர்செல்ஃப் இன் ஃபைவ் இயர்ஸ்?'. அங்க 'ஐ வில் பி மேனேஜர்'னு ஒத்த வில்லுல அடிக்காதீங்க, உங்களுக்கு அது இப்ப எப்படித் தெரியும்? ஆசைய ஆசையாவே சொல்லுங்க, 'ஐ ஹோப் டு பி லீடிங் எ ஸ்மால் டீம்'. கோர்ஸ் சேந்து ஃபீஸ் கட்டியாச்சுன்னா 'ஐ ஆம் ஸ்டார்ட்டிங் எ கோர்ஸ் இன் ஜூன்', அது ஏற்பாடு. அது ரெண்டு வருஷ கோர்ஸ்னா 'பை தென் ஐல் ஹேவ் ஃபினிஷ்ட் இட்'. மூணு வாக்கியம், மூணுலயும் வேற வேற வெர்ப், ஒவ்வொண்ணும் எந்த அளவுக்கு நிச்சயம்னு அவருக்கே புரியும். 'வென் கேன் யூ ஜாயின்?'னு கேட்டா மட்டும் யோசிக்காம 'ஐல் ஜாயின் ஆன் மண்டே'ன்னு சொல்லிடுங்க, அது அங்கயே அப்பவே எடுக்கற முடிவு, வில்லோட சொந்த இடம்.